பாதி அழுத்தத்தின் பலன்

பழைய ஆட்டோஃபோகஸ் காமிராக்கள் அலமாரிகளிலிருந்து மீண்டும் இறங்கிவருகின்றன. ஷட்டர் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நிறுத்தத்தைத் தெரிந்துகொண்டால் பல முகங்கள் தப்பிக்கும்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1996 டிசம்பரில் ஆக்ராவில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா. இருவரின் தலைகளுக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தி நிற்கிறது தாஜ் மஹால். கும்மட்டத்தின் உச்சியிலுள்ள கலசம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அப்பாவின் முகமும் அம்மாவின் முகமும் தண்ணீர் பட்டுக் கலைந்த கோலம்போல மங்கிக் கிடக்கின்றன. போதாததற்குக் கறுத்தும் இருக்கின்றன.

பொத்தானை அழுத்தியது நான்தான். அப்போது எனக்குப் பதினாறு வயது. காமிரா, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் இரவல் கொடுத்தது. “எல்லாம் ஆட்டோமேடிக், அமுக்கினா போதும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். அமுக்கினேன். பிரிண்ட் வந்தபோது, காமிராவில் கோளாறு என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அப்பா 2003இல் காலமானார். அவரும் அம்மாவும் சேர்ந்து போன ஒரே வடநாட்டுப் பயணத்தில், இருவரும் சேர்ந்திருக்கும் ஒரே படம் அது.

காமிராவில் கோளாறு ஏதும் இருக்கவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பொத்தானை அழுத்தும் வழியில் பாதி தூரத்தில் ஒரு நிறுத்தம் இருந்தது. அங்கே நிற்காமல் நான் நேராகக் கடைசிவரை போய்விட்டேன்.

நடுவில் நிற்பவரே நாயகன்

தானாக ஃபோகஸ் செய்துகொள்ளும் சிறு காமிராக்களின் கதை 1977இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வெளிவந்த கோனிகா சி35 ஏ.எஃப்.தான் பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் ஆட்டோஃபோகஸ் காமிரா. இரு சிறு ஜன்னல்கள் வழியே வரும் பிம்பங்களை ஒப்பிட்டு அது தூரத்தைக் கணித்தது. 1979இல் வந்த கேனன் ஏ.எஃப்.35எம். வேறு வழியைப் பிடித்தது. எதிரே இருக்கும் பொருளின் மீது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, அது திரும்பி வருவதைக் கவனித்தது. பின்னால் வந்த சிறு காமிராக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வழியைத்தான் பின்பற்றின.

அந்தக் காலத்தில் இவை இந்தியாவுக்குப் பெரும்பாலும் உறவினர்களின் பெட்டிகளில்தான் வந்தன. உள்ளூர்க் கடைகளில் சாதாரணக் குடும்பங்கள் வாங்கியது ஹாட் ஷாட், யாஷிகா எம்.எஃப்.2, கோடக் கே.பி.10 போன்றவற்றை. இவற்றில் ஃபோகஸ் மாறவே மாறாது. 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை எஃப்.8 துளையில் வைத்து ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து நிறுத்திவிட்டால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம்வரை எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். அந்தத் தந்திரத்தில் ஓடியவை அவை. பொத்தானுக்கு ஒரே அசைவுதான்: சடக். இந்தியக் கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் பழகியது இந்தச் சடக்குக்குத்தான். ஆட்டோஃபோகஸ் வந்த பிறகும் விரல் பழக்கம் மாறவில்லை.

ஆட்டோஃபோகஸ் காமிராவின் நெற்றியைப் பார்த்தால் இரண்டு சிறு ஜன்னல்கள் தெரியும். ஒன்றின் வழியே கதிர் புறப்படுகிறது. எதிரே இருக்கும் பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு பங்கு மற்ற ஜன்னலுக்குள் திரும்புகிறது. பொருள் அருகில் இருந்தால் கதிர் திரும்பும் கோணம் அதிகம், தள்ளி இருந்தால் குறைவு. நிலம் அளக்கும் சர்வேயர் முக்கோணம் போட்டுத் தூரம் காண்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. கதிர் திரும்பி வரவே இல்லையென்றால்? எதிரே இருப்பது வெகுதூரத்தில் இருக்கிறது என்று காமிரா முடிவு செய்து, லென்ஸைத் தொடுவானத்துக்கு அனுப்பிவிடும்.

இந்தக் கதிர் படம் முழுவதையும் தடவிப் பார்ப்பதில்லை. வியூஃபைண்டரின் நடுவே ஒரு சிறு கட்டம் அல்லது வட்டம் தெரிகிறதே, அந்த இடத்தை மட்டுமே தொடுகிறது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அந்த நடுக்கட்டம் இரு தலைகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில்தான் விழும். ஆக்ராவில் நடந்தது இதுதான். கதிர் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே புகுந்து போனது, திரும்பவில்லை. நடுவில் இருப்பவர் யார் என்று மட்டும் காமிரா பார்த்தது. இருந்தவர் ஷாஜஹான்.

இந்தக் குறையைத் தயாரிப்பாளர்கள் அறிந்தே இருந்தார்கள். பின்னாளில் ஒரு கதிருக்குப் பதில் மூன்று கதிர்களை வரிசையாகப் பாய்ச்சும் காமிராக்கள் வந்தன. தவறுகள் குறைந்தன, நிற்கவில்லை. எத்தனை கதிர்கள் பாய்ச்சினாலும் எதிரே இருப்பவர்களில் யார் முக்கியம் என்பது காமிராவுக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்காகத்தான் பொத்தானில் அந்தப் பாதி நிறுத்தம்.

ஒரு பொத்தான், இரண்டு ஸ்விட்சுகள்

ஷட்டர் பொத்தானுக்கு அடியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு மின்தொடர்புகள் இருக்கின்றன. லேசாக அழுத்தினால் முதல் தொடர்பு சேரும். உடனே காமிரா விழித்து, தூரத்தை அளந்து, ஒளியை அளந்து, இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. வியூஃபைண்டர் அருகே ஒரு பச்சை விளக்கு அசையாமல் எரிந்தால் அளந்தாயிற்று என்று பொருள். விளக்கு சிமிட்டினால் ஆள் மிக அருகில் இருக்கிறார் அல்லது அளக்க முடியவில்லை. விரலை எடுக்காமல் மேலும் அழுத்தினால் இரண்டாவது தொடர்பு சேர்ந்து படம் பதிவாகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே விரல் நிற்கும்வரை காமிரா மறுபடி அளப்பதில்லை. முதலில் சொன்ன தூரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குத்தான் ஃபோகஸ் பூட்டு என்று பெயர். சிறு காமிராக்கள் பலவற்றில் பாதி அழுத்தத்தின்போது லென்ஸ் நகர்வதுகூட இல்லை. தூரம் எண்ணாக மட்டுமே சேமிக்கப்படுகிறது. முழுதாக அழுத்திய பிறகுதான் ‘ஸ்ஸிக்’ என்ற ஓசையுடன் லென்ஸ் உரிய இடத்துக்கு ஓடி நிற்கிறது, அடுத்த கணம் ஷட்டர் திறக்கிறது.

செய்முறை எளிது. நடுக்கட்டத்தை ஒருவரின் முகத்தில் அல்லது மார்பில் வையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பச்சை விளக்கு நிலைத்ததும் விரலை அப்படியே வைத்துக்கொண்டு காமிராவைத் திருப்பி, வேண்டியபடி காட்சியை அமையுங்கள். பிறகு மெல்ல முழுதாக அழுத்துங்கள். நடுவில் விரல் தளர்ந்தால் பூட்டு திறந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பூட்டிய பிறகு ஓரடி முன்னால் போவதும் பின்னால் வருவதும் கூடாது. காமிரா பூட்டியது ஆளை அல்ல, தூரத்தை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் இந்தக் காமிராக்களின் கையேடுகளை விரும்பிப் படித்திருக்கிறேன். நான் பார்த்தவற்றில் நான்கைந்து ஐரோப்பிய மொழிகள் இருந்தன, இந்திய மொழி எதுவும் இருந்ததில்லை. ‘பாதி அழுத்தவும்’ என்ற இரண்டு சொற்கள் தமிழிலோ இந்தியிலோ இருந்திருந்தால் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். இரவல் காமிராக்களோடு கையேடு வருவதே இல்லை என்பது இன்னொரு விஷயம்.

முக்கால் மில்லிமீட்டர் கண்

ஃபோகஸ் தவறினால் எவ்வளவு நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பனிமூட்டமான காலை. காமிரா தன் 35 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை எஃப்.4 அளவுக்குத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் நிற்பது 2 மீட்டரில், லென்ஸ் நிற்பது தொடுவானத்தில். முகத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஃபிலிமில் சுமார் 0.15 மில்லிமீட்டர் அகல வட்டமாகப் பரவும். ஆறுக்கு நாலு அங்குல பிரிண்டில் அது நான்கு மடங்கு பெருகி 0.65 மில்லிமீட்டர் ஆகிறது. சிறிய எண்தான். ஆனால் அதே பிரிண்டில் திறந்த கண்ணின் உயரமே ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். கண்ணும் இமையும் புருவமும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. முகம் இருக்கிறது, பார்வை இல்லை.

நல்ல வெயிலில் காமிரா துளையை எஃப்.8க்குச் சுருக்கினால் இந்தப் பரவல் பாதியாகிறது, தவறு பெரிதாகத் தெரியாது. எனவே பூட்டு மிகவும் தேவைப்படுவது வெளிச்சம் குறைந்த நேரங்களில்: காலை, மாலை, மழைநாள், வீட்டுக்குள். குடும்பங்கள் கூடிப் படம் எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அந்த நேரங்களில்தான்.

வெள்ளைப் பளிங்கும் கறுத்த முகமும்

முகங்கள் கறுத்ததற்குக் காரணம் வேறு. காமிராவின் ஒளிக்கண்ணுக்கு எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது. வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். எந்தக் காட்சியும் மொத்தத்தில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அனுமானித்துக்கொண்டு அது ஷட்டர் வேகத்தையும் துளையையும் நிர்ணயிக்கிறது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது புகைப்படக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு.

புல்வெளி, செங்கல் சுவர், கடைத்தெரு போன்ற காட்சிகளில் இந்த அனுமானம் பலிக்கிறது. தாஜ் மஹாலில் பலிப்பதில்லை. வெள்ளைப் பளிங்கு, அதன் பின்னால் பனியில் வெளுத்த வானம். வெளிச்சம் மிக அதிகம் என்று எண்ணிக் காமிரா அதைக் குறைத்தது. பளிங்கு சாம்பலானது, முகங்கள் கறுத்தன. தேவையான அளவு வெளிச்சம் இருப்பதாக நம்பியதால் ஃபிளாஷும் எரியவில்லை. எல்லோராவின் கருங்கல் குடைவரைகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். இருட்டு என்று எண்ணிக் காமிரா அதிக ஒளியை விட, முன்னால் நிற்பவரின் முகம் வெளிறிப்போகும்.

இதற்கும் மருந்து அதே பாதி அழுத்தம்தான். முகம் இருக்கும் பக்கமாகக் காமிராவைச் சற்றுக் கீழே தாழ்த்தி, வானமும் பளிங்கும் அதிகம் விழாதபடி வைத்துப் பாதி அழுத்தினால், அந்த ஒளியளவு பூட்டப்படுகிறது. பிறகு உயர்த்திப் படம் எடுக்கலாம். இதுவே எக்ஸ்போஷர் பூட்டு. முகத்துக்குத் தேவையான ஒளி கிடைக்கும், வானம் சற்று வெளுக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரிய காமிராக்களில் ஃபோகஸுக்கும் ஒளிக்கும் தனித்தனிப் பூட்டுகள் இருக்கும். சிறு காமிராக்கள் பலவற்றில் ஒரே அழுத்தத்தில் இரண்டும் சேர்ந்து பூட்டப்படுகின்றன. வேறு சிலவற்றில் ஃபோகஸ் மட்டுமே பூட்டப்படுகிறது, ஒளி கடைசிக் கணத்தில் மறுபடி அளக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து பூட்டப்படும் காமிராவில் நீங்கள் எதைப் பார்த்துப் பூட்டுகிறீர்களோ அது முகத்துக்கு இருக்கும் அதே தூரத்தில், அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். காசியின் படித்துறையில் விடியற்காலை படகைப் படம்பிடிக்க நினைத்து, வானத்தின் பிரகாசத்தைத் தவிர்ப்பதற்காகக் காலடியில் இருக்கும் படியைப் பார்த்துப் பூட்டினால், ஒளி சரியாக இருக்கும், ஃபோகஸ் படியில் நின்றுவிடும். படகைப் போலவே தள்ளி, அதே வெளிச்சத்தில் இருக்கும் வேறொன்றைப் பார்க்க வேண்டும்.

உங்கள் காமிரா எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபிலிம் போடும் முன், பகலில், வீட்டுக்குள் ஃபிளாஷை ஆட்டோவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பாதி அழுத்துங்கள். விரலை எடுக்காமல் இருண்ட மூலைக்குத் திருப்பி முழுதாக அழுத்துங்கள். ஃபிளாஷ் எரியவில்லையென்றால் ஒளியும் சேர்ந்து பூட்டப்படுகிறது. எரிந்தால் ஃபோகஸ் மட்டும்தான் பூட்டப்படுகிறது.

சில காமிராக்களில் தனி ஏற்பாடுகள் உண்டு. 1983இல் வந்த நிக்கான் எல்35ஏ.எஃப்.இல் லென்ஸ் அருகே ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைத் தள்ளிப் பிடித்தால் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி கூடும். 1997இல் வந்த ஒலிம்பஸ் மியூ-2 காமிராவில் இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் நடுவிலுள்ள சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும்.

கலர் நெகட்டிவ் ஃபிலிம் நல்ல சுபாவம் உடையது. இரண்டு ஸ்டாப் அதிக ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். குறைவைத்தான் பொறுக்காது, ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல்களில் குருணை எழும்பும். எனவே சந்தேகம் வந்தால் இருண்ட பகுதியைப் பார்த்துப் பூட்டுவதே புத்திசாலித்தனம். ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தச் சலுகை இல்லை. அரை ஸ்டாப் பிசகினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கல்யாண மேடை

இரவில் ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது ஃபோகஸ் தவறு இன்னொரு தவறையும் கூட்டிவருகிறது. பல சிறு காமிராக்கள் ஃபிளாஷ் ஒளி திரும்பி வருவதை அளப்பதில்லை. ஃபோகஸ் சொல்லும் தூரத்தை நம்பியே துளையின் அளவைத் தீர்மானிக்கின்றன. மணமக்கள் இரண்டு மீட்டரிலும் அவர்களுக்குப் பின்னாலுள்ள அலங்காரத் திரை நான்கு மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கதிர் இருவருக்கும் நடுவே புகுந்து திரையைத் தொட்டால், காமிரா நான்கு மீட்டருக்கு வேண்டிய துளையைத் திறக்கும். இரண்டு மீட்டரில் விழும் ஃபிளாஷ் ஒளியோ நான்கு மடங்கு. மணப்பெண்ணின் முகம் மங்கலாவதோடு சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தும் விடுகிறது. திரையிலுள்ள ஜிகினா மட்டும் துல்லியமாக இருக்கும். இப்படி எத்தனை படங்கள் இந்திய ஆல்பங்களில் இருக்கின்றன என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் புரட்டிப் பார்க்கலாம்.

பூட்டு எல்லா இடத்திலும் உதவும் என்றும் சொல்ல முடியாது. ரயில் ஜன்னல் கண்ணாடி வழியே எடுத்தால் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பி ஏமாற்றக்கூடும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைப்பதும், மலைப்படம் போட்ட பொத்தான் இருந்தால் அதை அழுத்தி ஃபோகஸைத் தொடுவானத்தில் நிறுத்துவதும் பலன் தரும். கறுப்பு கோட்டும் கருங்கூந்தலும் கதிரை விழுங்கிவிடலாம். அப்போது அதே தூரத்தில் இருக்கும் வெளிர்நிறப் பொருள் ஒன்றைப் பார்த்துப் பூட்ட வேண்டும். மிருகக்காட்சிச் சாலையில் கூண்டுக் கம்பி சில சமயம் புலியை முந்திக்கொள்ளும். ஓடும் குழந்தைக்குப் பூட்டு போடவே முடியாது. அது ஓடிவந்து சேரப்போகும் இடத்தைப் பார்த்துப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம். ஜூம் இருக்கும் காமிராவில் முதலில் ஜூம், பிறகு பூட்டு.

திரும்பி வந்த ரோல்

செல்போன் வந்ததும் இந்தக் காமிராக்களின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இப்போது டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்து முதல் பல நகரங்களின் பழைய காமிராக் கடைகள்வரை இளைஞர்கள் இவற்றைத் தேடி வருகிறார்கள். 2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் ‘17’ என்ற புதிய ஃபிலிம் காமிராவையே வெளியிட்டது. அதில் ஆட்டோஃபோகஸ் இல்லை. எத்தனை தூரம் என்பதைப் படம் எடுப்பவரே வளையத்தைத் திருப்பித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தத் தலைமுறைக்குப் பூட்டு புதிதல்ல. செல்போன் திரையில் ஒரு முகத்தின் மீது விரலைச் சற்று நேரம் அழுத்தி வைத்தால் ஃபோகஸும் ஒளியும் பூட்டப்படுகின்றன. 2011இல் ஐ.ஓ.எஸ். 5 மென்பொருளோடு ஐபோனுக்கு இந்த வசதி வந்தது. பழைய பாதி அழுத்தத்தின் பேரப்பிள்ளை அது. ஒரு வித்தியாசம் உண்டு. செல்போனில் தவறினால் உடனே தெரியும், மறுபடி எடுக்கலாம். ஃபிலிமில் ரோல் முடிந்து, கழுவி வரும்வரை தெரியாது. ரோல் விலையும் கழுவும் கூலியும் ஸ்கேன் செலவும் ஏறிவிட்ட இன்று 36 படங்களில் ஒவ்வொன்றும் யோசித்து எடுக்க வேண்டிய படம்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய காமிராவை எடுப்பவர்கள் பேட்டரி மாற்றியவுடன் முதலில் சோதிக்க வேண்டியது அந்தப் பொத்தானைத்தான். பாதி அழுத்தத்தில் பச்சை விளக்கு எரிகிறதா, விரலை வைத்திருக்கும்வரை நிலைக்கிறதா என்று பாருங்கள். தொடர்புகளில் அழுக்கேறி, பாதி அழுத்தத்திலேயே படம் எடுத்துவிடும் காமிராக்களும் உண்டு. அத்தகைய காமிராவுக்கு ஃபிலிம் போடுவது வீண்.

சென்ற ஆண்டு ஆக்ரா நெகட்டிவைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். கறுத்த முகங்களைக் கம்ப்யூட்டரில் ஓரளவு வெளுக்க வைக்க முடிந்தது. அப்பாவின் ஸ்வெட்டர் பழுப்பு நிறம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மங்கலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஃபிலிமில் பதியாத கண்களை எந்த லேபும் திருப்பித் தர முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவை மறுபடி ஆக்ராவுக்கு அழைத்துப் போனோம். பெரியப்பா மகன் நிரந்தரமாகவே கொடுத்துவிட்ட அதே காமிரா. இம்முறை படம் எடுத்தது என் மகள். தாஜ் மஹாலுக்கு முன்னால் நானும் அம்மாவும் நின்றோம். அவள் முதலில் காமிராவைப் பாட்டியின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். “ஆடாதீங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு காமிராவை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்து அழுத்தினாள்.

பிரிண்ட் இரண்டு வாரம் கழித்து வந்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் தெளிவாகத் தெரிகின்றன. பின்னால் தாஜ் மஹால் சற்று மங்கல். வீட்டில் அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.